பிளவில் வைத்த ஒரு லிட்டர்

ரெகுலா மேசைமேல் இரண்டே பாட்டில்களை வைத்தாள்.

"மூணாவது எங்கே?" என்றான் ஃப்ளூரின்.

"இது போதும்."

"போதாது. நாளைக்கு ஏற எட்டு மணி நேரம், இறங்க ஆறு. முன்னெல்லாம் முகட்டுப் பிளவுல பனி கிடக்கும், அள்ளி உருக்கிக்கலாம். மூணு வருஷமா அங்கே மொட்டைக் கல்லுதான். ஒட்டகமே வந்து நின்னாலும் மூணு லிட்டர் எடுன்னுதான் சொல்லுவேன்."

அவள் சிரிக்கவில்லை.

மலைக்குடிலின் ஜன்னலை மேகம் வந்து அடைத்திருந்தது. ரெகுலாவின் முதுகுக்குப் பின்னால், சமையலறைப் பலகையில், நாளை மலையேறுகிறவர்களின் பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் ஒட்டியிருந்தது. குடிலைப் பார்த்துக்கொள்ளும் மார்லிஸ் அவற்றில் வழியில் குடிப்பதற்கான தேநீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். குழாயில் வருவது பனியாற்றின் கலங்கல். காய்ச்சாமல் யாரும் வாயில் வைப்பதில்லை.

ஃப்ளூரின் தன் மூன்றையும் வந்தவுடனேயே அந்த வரிசையில் வைத்துவிட்டான்.

இருபத்திரண்டு வருடமாக இந்த முகட்டுக்கு ஆட்களைக் கூட்டிப்போகிறான். மூன்று லிட்டர் இல்லாதவரைத் தன் கயிற்றில் கட்டமாட்டான். தொலைபேசியிலேயே சொல்லியிருந்தான். சரி என்றுதான் அவளும் சொன்னாள்.

"முதுகு வலியா? கூச்சப்படாம சொல்லுங்க. ஒரு லிட்டரை நான் தூக்குறேன்."

"வேண்டாம். எனக்கு அங்கே ஒரு லிட்டர் இருக்கு."

"எங்கே?"

"பிளவுல. இடது பக்கம், தட்டைக் கல்லுக்கு அடியில."

"யாரு, மலைப்பூதம் எடுத்து வச்சிருக்கா?"

"யூர்க் வச்சார். என் வீட்டுக்காரர்."

இறங்கும்போது குடிக்க வேண்டியதை ஏறும் வழியிலேயே ஒளித்துவைத்துப் போவது இங்கே பலரும் செய்வதுதான். ஒரு கிலோ சுமை குறையும்.

"எப்போ வச்சார்?"

"போன ஆகஸ்ட். பன்னெண்டாம் தேதி."

ஃப்ளூரின் மேசையிலிருந்த கையை எடுத்துக்கொண்டான். அந்தத் தேதி இந்தப் பள்ளத்தாக்கின் வழிகாட்டிகள் எல்லோருக்கும் தெரியும். பிளவுக்கு மேலே கல் பெயர்ந்து ஒருவர் விழுந்தார். அவர் மனைவியை, இடுப்பில் அறுந்த கயிற்றோடு, ஹெலிகாப்டரில் தூக்கிப்போனார்கள். அந்த மனைவியின் பெயரை அவன் கேட்டுவைத்திருக்கவில்லை.

"இறங்கும்போது குடிக்கலாம்னு வச்சோம்," என்றாள் ரெகுலா. "அவர் இறங்கவே இல்ல. நானும் அந்த வழியா இறங்கல."

"ஒரு குளிர்காலம் போயிருக்கு. உறைஞ்சு வெடிச்சிருக்கும்."

"வெடிச்சிருந்தா வெடிச்ச பாட்டிலை எடுத்துக்கிட்டு வரேன். நீல அலுமினியம், சிவப்பு மூடி. மூடியைத் தொலைச்சிருவார்னு நான்தான் பச்சைக் கயிறு போட்டுக் கட்டினேன்." முதுகுப்பையின் பக்கவாட்டு உறையை விரித்துக் காட்டினாள். அது காலியாக இருந்தது. "இதை அதுக்குன்னு விட்டு வச்சிருக்கேன். இறங்கி வரும்போது அங்கே உட்கார்ந்து அதுலேருந்து ஒரு வாய் குடிக்கணும். அதுக்குத்தான் வரேன். உச்சியெல்லாம் எனக்குப் பெரிசில்ல."

ஃப்ளூரின் எழுந்தான்.

"மார்லிஸ்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வரேன்."

சமையலறைப் பலகைக்கு நான்கு எட்டுதான்.

"என்ன, செத்தவன் மூஞ்சியோட வர்றே?" என்றாள் மார்லிஸ், கரண்டியை நிறுத்தாமல். "நாளைக்கு மழைங்கிறாங்களா?"

அவன் பாட்டில் வரிசையை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றான்.

போன ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி, ரொட்டியை விழுங்கக்கூட எச்சில் இல்லாத ஒரு மாணவனோடு அவன் அந்தப் பிளவில் உட்கார்ந்திருந்தான். கல்லுக்கு அடியில் ஏதோ மினுங்கியது. முழுதாக ஒரு லிட்டர். யாரோ மறந்துவிட்டுப் போனது என்று நினைத்தான். இருவரும் மாறி மாறிக் குடித்தார்கள். அப்படி ஒரு தண்ணீரை வாழ்நாளில் குடித்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

காலிப் பாட்டிலை மலையில் விட்டுவரக் கூடாது. கீழே கொண்டுவந்தான். யாரும் கேட்டு வரவில்லை. நல்ல பாட்டில்.

பின்னால் பலகைத் தரை கிறீச்சிட்டது. தன் இரண்டு பாட்டில்களையும் வரிசையில் வைக்க ரெகுலா வந்திருந்தாள். அவன் விலகவில்லை. அவள் கை அவனைச் சுற்றி நீண்டு, பாதியில் நின்றது.

அங்கே நின்ற நீலப் பாட்டிலில் ஃப்ளூரினின் பெயர் ஒட்டியிருந்தது. சிவப்பு மூடியிலிருந்து பச்சைக் கயிறு தொங்கியது.

மார்லிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கொட்டிட்டீங்களா, குடிச்சீங்களா?" என்று கேட்டாள் ரெகுலா. குரல் உயரவில்லை.

"குடிச்சோம்."

"நல்லா இருந்துச்சா?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

அவள் நகத்தால் அவன் பெயரை மெதுவாக உரித்தாள். உரித்ததை உருட்டி அவன் கையிலேயே கொடுத்தாள். நீலப் பாட்டிலைத் தன் இரண்டோடு சேர்த்து மார்லிஸ் பக்கம் நகர்த்தினாள்.

"இதுல மட்டும் வெறும் தண்ணி. காய்ச்சி ஆற வச்சது," என்றாள். பிறகு ஃப்ளூரினைப் பார்த்தாள். "மூணாச்சு. இப்ப வரலாமா?"

மூன்று லிட்டர் இல்லாதவரைக் கயிற்றில் கட்டாதவனின் பக்கம் இரண்டு பாட்டில்கள் நின்றன.