நூற்றெண்பது மீற்றர்

கனடாவிலிருந்து வந்து நிற்கிற குலசிங்கம் தன் சொந்த அக்காவின் வீட்டைப் பார்த்துப் பந்தடிக்கிறார் என்ற கதை மடத்துவெளி ஊர் முழுக்கப் பரவியிருந்தது.

அதுவும் கொல்ஃப் பந்து. கல் மாதிரி. யன்னலில் பட்டால் கண்ணாடி மிஞ்சாது, தலையில் பட்டால் ஆள் மிஞ்சாது.

பதினெட்டு வருசக் கோபத்தை மட்டையால் தீர்க்கிறார் என்று சனம் முடிவு கட்டிவிட்டது. தாயின் செத்தவீட்டுக்குக் குலசிங்கம் வரவில்லை. அன்றைக்குத் தொலைபேசியில் அக்கா அன்னபூரணம் ஏதோ சொல்ல, இவர் ஏதோ திருப்பிச் சொல்ல, அதோடு பேச்சு நின்றது. இப்போது இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வெட்டவெளி மட்டும்தான். ஆனாலும் ஒருவர் முகத்தில் மற்றவர் முழிக்கவில்லை.

ஆளுக்கு மரியாதையாகச் சொல்லி நிற்பாட்டும்படி, பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் படிப்பிக்கிற றஜீபனைத்தான் ஊர் அனுப்பியது.

அவன் போன நேரம் குலசிங்கம் தன் காணி எல்லையில் நின்றார். சின்ன மரக்குச்சியொன்றை நிலத்தில் குத்தி, அதில் பந்தை ஏற்றி வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு வீசினார். பந்து கிளம்பி, எதிர்த்து வீசிய சோழகக் காற்றில் முட்டுப்பட்டு, வெளியின் நடுவில் தொப்பென்று விழுந்தது. அக்கா வீட்டு மதிலுக்கு இன்னும் எவ்வளவோ தூரம் கிடந்தது.

றஜீபனுக்குச் சொல்ல வந்த விசயம் மறந்துபோனது. இவ்வளவு பலமாக அடித்தும் பந்து ஏன் போகவில்லை?

குலசிங்கமும் அதையேதான் கேட்டார். மதில் நூற்றெண்பது மீற்றராம், தனக்கு நூற்றி நாற்பதைத் தாண்டுதில்லையாம்.

றஜீபன் கொல்ஃப் மட்டையைத் தொட்டதே இல்லை. வீட்டுக்குப் போய்க் கைத்தொலைபேசியில் வீடியோ வீடியோவாகப் பார்த்தான். அடுத்த நாள் திரும்பி வந்தான். அதற்கடுத்த நாளும் வந்தான்.

"அண்ணை, மட்டையை நசிக்காதேங்கோ. கை இறுகினால் வேகம் வராது. ஈட்டி எறியிற பிள்ளையளுக்கும் இதைத்தான் சொல்லுறனான். முதல் இடுப்புத் திரும்பவேணும், கை கடைசியிலைதான் வரவேணும்."

கால்களை இன்னும் அகட்டி வைக்கச் சொன்னான். பந்தை இடது குதிக்காலுக்கு நேராக வைப்பித்தான். குச்சியைச் சற்று உயர்த்தி, மட்டை மேலெழும்புகிற நேரத்தில் பந்தில் படுகிற மாதிரிப் பழக்கினான். மட்டையைப் பின்னுக்குக் கொண்டுபோகும்போது அவசரப்பட வேண்டாம், முதுகு மதிலைப் பார்க்கும்வரை தோளைத் திருப்புங்கோ என்றான். நூற்றி ஐம்பது வந்தது. பிறகு நூற்றி அறுபத்தைந்து.

நிற்பாட்டப் போனவன் பழக்கிக்கொண்டு நிற்கிறான் என்று ஊர் அவனையும் சேர்த்து ஏசியது.

ஒன்று மட்டும் அவனுக்கு விளங்கவே இல்லை. ஏன் இந்த மனிசன் எதிர்காற்றிலேயே அடிக்கிறார்? மற்றப் பக்கம் திரும்பி நின்றால் காற்றே முப்பது மீற்றர் கொண்டுபோய் விடுமே. ஒருநாள் அதைக் கேட்டும் விட்டான்.

குலசிங்கம் பந்தைச் சேட்டில் துடைத்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் பக்கம் எனக்கு ஒருத்தரும் இல்லைத் தம்பி."

றஜீபன் மதிலைப் பார்த்தான். "அப்ப கொஞ்சம் கிட்டப் போய் நிண்டு அடியுங்கோவன்."

"கிட்டப் போனால் வேணுமெண்டு அடிச்ச மாதிரி. என்ரை காணியிலை நிண்டு அடிச்சு, அது தன்ரை பாட்டிலை அங்கை விழவேணும். பந்து எடுக்க வந்தனான் எண்டு சொல்லிப் படலையைத் தட்டலாம். ஒரு காரணமும் இல்லாமல் எப்பிடித் தட்டுறது, சொல்லும் பாப்பம்."

பழக்கத் தொடங்கி நாலாம் சனிக்கிழமை காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது. அன்னபூரணம் மதிலுக்கு வெளியே தும்புத்தடியால் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். குலசிங்கம் அவரில் படாதபடி மதிலின் மற்ற அந்தத்தைக் குறிவைத்து நின்றார். அவசரப்படவில்லை. தோள் திரும்பியது, இடுப்புத் திரும்பியது, கை கடைசியில் வந்தது. அப்படியொரு சத்தம் அந்த மட்டையிலிருந்து அதுவரை வந்ததில்லை.

பந்து நல்ல உயரம் போனது. மதிலின் வெள்ளையில் மறைந்தது. உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று இருவருக்கும் தெரியவில்லை.

குலசிங்கம் மட்டையைப் போட்டுவிட்டு நடந்தார். றஜீபன் கொஞ்சம் பின்னால் போனான். அவர்கள் போய்ச் சேரும்போது அன்னபூரணம் தும்புத்தடியோடு படலையடியில் நின்றார்.

"அக்கா, பந்து ஒண்டு... உங்கடை வளவுக்கை விழுந்திட்டுதோ தெரியேல்லை."

அவர் தம்பியின் நரைத்த தலையைக் கனநேரம் பார்த்தார்.

"ஓம், கிணத்தடியிலை விழுந்தது. கண்டனான். உள்ளுக்கை வா, தேடுவம்."

கிணற்றடியில் தேடினார்கள். வாழையடியில் தேடினார்கள். தேடத் தேட, அம்மா கடைசி நாட்களில் யாரைக் கேட்டவ, என்ன சாப்பிட்டவ என்று கதை வேறெங்கோ போய்விட்டது. அன்னபூரணம் தம்பிக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனார். குலசிங்கம் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அங்கே நிற்பது சரியில்லை என்று பட, றஜீபன் மெல்ல வெளியே வந்து மதிலோரமாக நடந்தான். மதிலின் மற்ற அந்தத்தில், ஈர மண்ணில், பந்து விழுந்த அடையாளம் குழியாகத் தெரிந்தது. பந்தைக் காணவில்லை. குழியிலிருந்து தும்புத்தடி இழுபட்ட கோடு ஒன்று போனது. அது முடிந்த இடத்தில், பூவரசஞ் சருகுக் குவியலுக்குள்ளிருந்து வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது.

றஜீபன் இன்னும் இரண்டு கை சருகை அள்ளி அதன்மேல் போட்டுவிட்டு நடந்தான்.