ருசி பார்த்து வாங்கியவை

தெருமுனைப் பழக்கடையில் முள் முளைத்தது, கொம்பு வைத்தது, கைவிரல் மாதிரி நீண்டது என்று உலகத்து விசித்திரப் பழமெல்லாம் அடுக்கியிருந்தது. ஊரார் கணக்கிலெல்லாம் ஓட்டை கண்டுபிடிக்கும் ஆடிட்டர் எதையும் சீண்டவில்லை.

“முள்ளையும் கொம்பையும் காட்டி ஏமாத்துற வேலை என்கிட்ட நடக்காது. ஆரஞ்சு கொடுங்க. ருசி பார்க்காம வாங்க மாட்டேன்.”

“தாராளமா பாருங்க சார். அதுக்கு முன்னாடி இதை வாயில போடுங்க. ஆப்பிரிக்காவுலேர்ந்து வந்தது, காசு வேண்டாம்.”

கடைக்காரர் நீட்டியது சின்னஞ்சிறு சிவப்புப் பழம். இனாம் என்றால் ஆடிட்டர் கேள்வி கேட்பதில்லை.

பிறகு ஆரஞ்சைச் சுவைத்தார். தேன்! ஒரு பெட்டி வாங்கினார்.

வீட்டில் ஒரு சுளை தின்ற மனைவியின் முகம் அஷ்டகோணலானது. “ஐயோ, என்ன புளிப்பு!”

அவரும் தின்றார். தேனேதான். “உன் நாக்குலதான் கோளாறு. வா, கடைக்காரர் முன்னாடியே தின்னு பாரு!”

கடைக்காரர் அந்த அம்மாளுக்கும் முதலில் சிவப்புப் பழம் கொடுத்து உபசரித்தார். அப்புறம் தின்ற ஆரஞ்சு அவளுக்கும் தேனாக இனித்தது. கணவரைச் சந்தேகப்பட்ட பாவத்துக்கு அவளே இன்னொரு பெட்டி வாங்கினாள்.

வீட்டில் மகள் ஒரு சுளையைக் கடித்துத் துப்பினாள். “கடையில வேற ஏதாவது சாப்பிட்டீங்களா?”

“சின்னதா ஒரு சிவப்புப் பழம். சும்மாவே கொடுத்தார், தங்கமான மனுஷன்.”

மகள் போனில் தேடிப் படித்தாள். “அதைத் தின்னா கொஞ்ச நேரத்துக்கு எலுமிச்சைகூட இனிக்குமாம்ப்பா.”

கூடத்தில் இரண்டு பெட்டி ஆரஞ்சு இருந்தன. இரண்டுமே ருசி பார்த்து வாங்கியவை.