காலைச் சோம்பல்

என்ட வேலிக்கு அங்கால முனாப் காலங்காத்தால திருவலையில குந்திக்கிட்டு தேங்காய் திருவுறான். அவன்ட கொழுந்தி, பொண்டாட்டிட தங்கச்சி அம்ஹா பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போயிட்டாள். பொண்டாட்டி றுக்ஸானா மட்டும் எட்டு மணியாகியும் பாயை விட்டு எழும்பல்ல.

"பாத்தியா ஸகியா இந்தக் கூத்தை?"

வேலிக் கடப்படியில நிண்டு என்னைக் கூப்புட்டு சத்தம் போட்டது முனாப்ட உம்மா, ஆயிஷா ராத்தா. அடுத்த தெருவிலயிருந்து இதுக்கெண்டே வாறவ.

"பொண்டாட்டி வீட்டுக்கு மாப்பிள்ளையாப் போன என்ட மகன் தேங்காய் திருவுறான், உடுப்புக் கழுவுறான். மகாராணிக்கு இன்னும் விடியல்ல. சோம்பேறிக் கழுதை!"

"மேலுக்கு ஏலாம வருத்தம் கிருத்தமோ ராத்தா?"

"வருத்தமா? பத்து மணிக்குப் பொறகு வந்து பாரு, பம்பரமாச் சுத்துவாள். கொழுப்புகா, கொழுப்பு!"

நான் பொய் சொல்லமாட்டன், அந்தக் கதை எனக்கு நல்லாப் புடிச்சிரிந்திச்சி. அண்டைக்கே மீன்காரனுக்குச் சொன்னன். தையல்காரிக்குச் சொன்னன். வெள்ளிக்கிழமை கலியாண வீட்டுல என்னோட ஒரே சஹன் தட்டுல சோறு திண்ட அஞ்சு பேருக்கும் சொன்னன்.

அந்த வீட்டு மாட்டிறைச்சிதான் எனக்கு வினையா வந்திச்சி. ரெண்டு நாளையில வலது கால் பெருவிரல் வீங்கிச் செவந்து, சீலை பட்டாலும் உசிர் போவுது.

எங்கட ஊர்க் கல்முனையில டொக்டருக்குக் காட்ட மனமில்ல. கண்டதையும் திண்டு தேடின வருத்தம் எண்டு கதைப்பாங்க. எப்பிடித் தெரியும் எண்டா, கதைக்கிற ஆளே நான்தானே! நொண்டி நொண்டி பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போயிட்டன்.

டொக்டர்ட வாசல் வாங்குல எனக்கு முன்னால குந்தியிரிக்கிற ரெண்டு பேர். ஒருத்தி கையை விரிச்சு வச்சிரிக்கிறாள். மத்தவ அந்த விரல்களை ஒவ்வொண்டா நீவி விட்டுக்கிட்டிரிக்கா.

றுக்ஸானாவும் ஆயிஷா ராத்தாவும்!

றுக்ஸானாவை உள்ளுக்குக் கூப்புட்டதும் ராத்தா என்ட கையைப் புடிச்சா. 

"மூட்டுவாதம், புள்ள. உடம்புட காவல்காரனே ஆள் தெரியாம மூட்டுக்கு அடிக்கிறானாம், டொக்டர் சொன்னாரு. தொத்துற வருத்தமில்ல. விடிஞ்சு ரெண்டு மூணு மணித்தியாலத்துக்கு விரல் மடங்காது, பொறகுதான் இளகும். கிழமைக்கு ஒருக்கா குளிசை, மாசத்துக்கு ஒருக்கா இரத்தம் பாக்கணும். விடாமப் போட்டா கை கோணாம காப்பாத்தலாமாம்."

"அப்ப ஏன் அந்தப் புள்ளையைச் சோம்பேறி எண்டு ஏசினீங்க?"

"அம்ஹாக்குப் பொத்துவில்ல மாப்பிள்ளை பேசுறம். தாயில்லாப் புள்ளைகள். வருத்தக்காரக் குடும்பம் எண்டு ஒரு சொல்லுப் போனா அவங்க திரும்பியும் பாக்கமாட்டாங்க. சோம்பேறி எண்டா சிரிச்சிட்டு விட்டிருவாங்க. றுக்ஸானாதான் கெஞ்சினாள், 'என்னைச் சோம்பேறி எண்டு சொல்லுங்க மாமி' எண்டு."

"அதை என்னட்டயா வந்து சொல்லணும்?"

"வேற ஆருக்குச் சொன்னாலும் ஊர் முழுக்கப் போய்ச் சேர ஒரு மாசம் செல்லும், புள்ள."

எனக்குக் கோவமும் வந்திச்சி, அதை விட வெக்கம் வந்திச்சி. ராத்தா புடிச்ச கையை விடல்ல.

"இப்ப நீ கண்டிட்டாய். இனி அம்ஹாட கலியாணம் உன்ட வாயிலதான் இரிக்கி."

அடுத்த கிழமை, மாப்பிள்ளைட உம்மா பொத்துவில்லயிருந்து முதல் பஸ்ஸுக்கு வந்து இறங்கினா. பொண்ணு வீட்டுக்குப் போகல்ல. அக்கம்பக்கத்துல விசாரிக்க எண்டு நேரா என்னட்ட வந்து குந்திட்டா.

"மூத்தவளுக்கு என்னமோ கை வருத்தமாமே? மறைக்காமச் சொல்லுங்க. வருத்தக்காரக் குடும்பத்துல கலியாணம் செய்ய எங்களுக்கு ஏலாது."

யா அல்லாஹ்! நாக்கு நுனி வரைக்கும் வந்திட்டு. இப்பிடி ஒரு கதையை வயித்துக்குள்ள வச்சிரிந்து எனக்குப் பழக்கமில்ல.

"வருத்தமா? ஆரு சொன்ன?" எண்டு கையைத் தட்டிச் சிரிச்சன். "பச்சைச் சோம்பேறிகா அவள்! மாமிக்காரி ஏசுற ஏச்சு இந்தத் தெருவுக்கே கேக்கும். ஆனா தங்கச்சி அப்பிடியில்ல, தங்கமான புள்ள."

"அல்ஹம்துலில்லாஹ்! சோம்பல்தானா? நாங்க பயந்தே போயிட்டம்." அவக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்ப கலியாணத்துக்கு நாள் பாக்கலாம்."

தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன். கோப்பைட காதைப் புடிக்க அவட விரல் மடங்கல்ல. ரெண்டு உள்ளங்கையாலயும் ஏந்தித்தான் எடுத்தா. விரல் மூட்டு மொளியெல்லாம் வீங்கிப் போயிரிக்கி.

"கைக்கு என்னகா?" எண்டு கேட்டன்.

அவ கோப்பையை வச்சிட்டு, கையைச் சட்டெண்டு முந்தானைக்குள்ள மறைச்சா.

"ஒண்டுமில்ல. எனக்கும் விடியக்காலையில கொஞ்சம் சோம்பல்."