தரைக்கு ஒரு மெத்தை

மாமனாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கைகளைத் தேய்த்துக்கொண்டே அங்குமிங்கும் நடந்தார். இன்ஜினியர் மருமகள் விடுவதாயில்லை.

"நம்ம ஐஸ்கிரீம் கிடங்குல குளிர் கீழே இறங்கி, மண்ணே உறைஞ்சு தரையைத் தூக்குது மாமா. உடைச்சுட்டு, அடியில தெர்மாகோல் பலகை பரப்பணும்."

"தரைக்கு மெத்தை போடச் சொல்றியா? இத்தனை வருஷம் நல்லாத்தானேம்மா இருந்துச்சு!"

"இன்னும் விட்டா கட்டடமே விரிசல் விடும்."

"சும்மா பயமுறுத்தாதே. வெளியே போய்ப் பேசிக்கலாம்" என்று விருட்டென்று கதவை இழுத்தார்.

அசையவில்லை. எழும்பிய தரை, கதவை அடியில் கவ்விப் பிடித்திருந்தது. அது கிடங்கின் கதவு. இருவரும் நின்றிருந்தது அந்த உறைகுளிருக்குள்.

மருமகள் அபாய மணியை அடித்தாள். வெளியே ஆட்கள் ஓடிவந்து கடப்பாரையால் கதவை நெம்பும் சத்தம் கேட்டதும், மாமனார் பல் தந்தியடிக்கக் கத்தினார்:

"அப்படியே இந்தத் தரையையும் உடைச்சுடுங்கப்பா!"