நாலாம் தடவை வந்த முகம்

போலீஸுக்காக, கார் மோதி விபத்து நடந்த தெருவை விஆர் (மெய்நிகர்) கண்ணாடிக்குள் அப்படியே கட்டியிருந்தேன். நேரில் பார்த்த சாட்சியின் நினைவைக் கிளறத்தான்.

"உங்க அண்ணனை இடிச்சவன் மூஞ்சி ஞாபகம் வருதாக்கா?"

"வரலையேப்பா."

போனில் இன்ஸ்பெக்டர் கத்தினார். "இன்னுமா?"

கண்ணாடியை மறுபடி மறுபடி மாட்டினோம். நாலாம் தடவை அக்கா அலறினார். "வந்துடுச்சு! பளிச்சுன்னு வந்துடுச்சு!"

மறுநாள் ஸ்டேஷனில் ஐந்து பேரை வரிசையாக நிறுத்தினார்கள். அதுவரை போன் குரலாக மட்டுமே இருந்த இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். அக்கா ஐவரையும் விட்டுவிட்டு அவர் சட்டையைப் பிடித்தார்.

"இவன்தான்! செத்தாலும் இந்த மூஞ்சியை மறக்க மாட்டேன்!"

 இன்ஸ்பெக்டர் விரட்டிய விரட்டலில், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று, கண்ணாடிக்குள் கார் ஓட்டும் உருவத்துக்கு அவருடைய வாட்ஸ்அப் படத்தைத்தான் ஒட்டியிருந்தேன். மறந்து தொலைத்தது நான்.