உப்பரிகையில் ஒருவன்

“யாரு சார் அந்த ஆளு? நம்ம கதையிலேயே இல்லையே?” என்று இயக்குநர் மேடையைப் பார்த்துக் கத்தினார்.

மேடையின் பின்னால் தொங்கிய படுதாவில் அரண்மனை முற்றம் விரிந்திருந்தது. தூண்கள், படிகள், மேலே உப்பரிகை. அந்த உப்பரிகையின் கைப்பிடியில் சாய்ந்து, முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு முழ உயரத்துக்கு ஒருவன் நின்றிருந்தான்.

நேற்றுக் காலைவரை அவன் அங்கே இல்லை.

“காவக்காரன்,” என்றார் படுதா வரைந்தவர், முன்வரிசை நாற்காலியிலிருந்து எழாமலே.

“கையில வேலும் இல்ல, பாக்க வேலையும் இல்ல. இப்படி ஒரு காவக்காரனா?”

நடிகர்கள் சிரித்தார்கள். இடுப்பு வாள் இடிக்காமல் எப்படி உட்காருவது என்று தவித்துக்கொண்டிருந்த தளபதிகூடச் சிரித்தார்.

அரங்கின் கடைசியில், லைட் போர்டின் முன்னால் இருந்தவள் சிரிக்கவில்லை.

நாடகத்துக்கு ஒளியமைப்பு அவள்தான். படுதா வரைந்தவர் அவளுடைய மாமனார். மாமனார் மாதக்கணக்கில் கட்டுகிற கோட்டையை மருமகள் ஒரு விரலால் காணாமல் போக்கிவிடுவாள் என்று குழுவில் ஒரு கேலி உண்டு.

மின்சாரம் வருவதற்கு வெகுகாலம் முந்தைய கதை. போருக்குப் போன ராஜாவுக்காக ராணி முற்றத்தில் காத்திருப்பாள், ராஜா வரமாட்டார். வெளிச்சம் எல்லாம் தீப்பந்தமாகவும் எண்ணெய் விளக்காகவும் நிலாவாகவும் தெரிய வேண்டும்.

மழைக்காலம் முழுக்க மாமனாரும் மருமகளும் சாப்பாட்டு மேசையில் இதையேதான் பேசினார்கள். தூணின் நிழலை அவர் இடப்பக்கம் போட்டால், அவள் விளக்கை வலப்பக்கம் வைக்க வேண்டும். அவர் துணித் துண்டில் சிவப்பைப் பூசிக் கொடுப்பார். நீல வெளிச்சத்தில் அது கறுத்துப்போகிறது என்று அவள் திருப்பிக் கொடுப்பாள். அவர் முனகிக்கொண்டே மறுபடி கலப்பார்.

அந்த வீட்டில் வேறு பேச்சு குறைவு.

அவள் கணவன் போன பிறகு, அவனுடைய சட்டைகளை மாமனாரே மூட்டை கட்டி எங்கேயோ கொடுத்துவிட்டு வந்தார். அவளை அழைத்துப்போக அவளுடைய அப்பாவும் அம்மாவும் வந்தபோது, ‘அவ இஷ்டம்’ என்று மட்டும் சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார். அவள் போகவில்லை. அன்றிலிருந்து இருவரும் அவன் பெயரை எடுத்ததில்லை. சுவரில் துளை போட அவன் வாங்கிவைத்த டிரில்லிங் மெஷின்கூட வெறும் ‘அந்த மெஷின்’ ஆகிவிட்டது.

உப்பரிகையில் நின்றவனுக்குத் தலைப்பாகை இருந்தது. இடுப்பில் சிவப்புக் கச்சை. ஆனால் வலது பாதத்தைத் தூக்கி இடது கெண்டைக்காலில் ஒட்டவைத்து, கொக்கு மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

பல் துலக்கும்போதும் போன் பேசும்போதும் அவள் கணவன் அப்படித்தான் நிற்பான்.

படுதாவில் நின்றவனுக்கும் மாமனார் ஒரு நிழல் வரைந்திருந்தார். அவளுடைய விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, அதற்குத் தகுந்த மாதிரி, கைப்பிடிச் சுவரில் மெல்லியதாக.

“இனிமே பெயின்ட் அடிச்சு மறைச்சா நாடகத்துக்குள்ள காயாது. நீ அந்த இடத்த இருட்டாக்கிடும்மா,” என்றார் இயக்குநர்.

பெரிய வேலை இல்லை. உப்பரிகைக்கென்று ஒரே ஒரு விளக்குதான். அவள் விசையை மெதுவாகக் கீழே இறக்கினாள். கச்சையின் சிவப்பு முதலில் கறுத்தது. கால் கரைந்தது. பிறகு உப்பரிகையே இல்லாமல் போயிற்று.

“ஆங், இப்ப சரி.”

மாமனாரும் தலையாட்டினார். பின்னாலிருந்து பார்த்தபோது அந்த நரைத்த தலை இரண்டு முறை ஆடியது தெரிந்தது. அப்புறம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

இவ்வளவு நாளும் அவர் கல் மாதிரி இருக்கிறார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அது ஒரு வகையில் அவளுக்குத் தெம்பாகவும் இருந்தது.

விசையைத் திரும்ப மேலே ஏற்றினாள். முழுசாக இல்லை. முற்றத்துப் பந்தத்தின் வெளிச்சம் அதுவரைக்கும் எட்டியது போலக் கொஞ்சம்.

“ஆள் இருந்தாத்தான் சார் மாளிகை எவ்வளவு உசரம்னு தெரியும். இருந்துட்டுப் போகட்டும்.”

இயக்குநர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். பின்னால் நகர்ந்தும் பார்த்தார்.

“குடும்பமாச் சேந்துக்கிட்டா நான் என்ன பண்றது?” என்று கையை விரித்துவிட்டு, எல்லோரையும் சாப்பாட்டுக்கு விட்டார்.

அரங்கம் காலியாயிற்று. தளபதி வாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைசியாகப் போனார்.

அவள் இறங்கி வந்து மாமனாருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவருடைய நகக்கண்களில் தூண்களுக்கு அடித்த வெள்ளை இன்னும் இருந்தது. இருவரும் படுதாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மாமா, அவரு நம்மள விட்டுட்டுப் போயிருக்காரே, அந்த வீட்டுல அவருக்கு ஒரு பொண்ணு பொறந்திருக்காம். நேத்துதான் கேள்விப்பட்டேன்,” என்றாள். “நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. எனக்காகப் பாத்துப் போகாம இருக்காதீங்க.”

அவர் அவள் பக்கம் திரும்பவில்லை.

“இப்ப நடக்கவே ஆரம்பிச்சுட்டாளாம்,” என்றார். “நான் இன்னும் பாக்கலம்மா.”