சத்தமாகக் கேட்ட மருந்து

"ஏங்க, ஆம்பளைங்களுக்கு... அந்த விஷயத்துக்கு... மூலிகை மாத்திரை ஏதாவது இருக்குதா?"

மருந்துக்கடையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சத்தம்!

கேட்டவர் நூலகத்தில் வேலை பார்ப்பவர். வீட்டில் தண்ணீர் கேட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது.

வரிசையின் கடைசியில் குடையோடு நின்றிருந்தது அவருடைய மனைவியின் அக்கா. வாராவாரம் பிரஷர் பார்க்க அந்தக் கடைக்கு வருவார். குடும்பத்தில் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர். காதில் விழுந்தது எதுவும் அவர் வாயில் தங்காது.

பிரஷராவது ஒன்றாவது! குடையை விரித்துக்கொண்டு நேரே தங்கை வீட்டுக்கு நடந்தார்.

தங்கை யாருடைய பேண்ட்டுக்கோ ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"மெஷினை நிறுத்துடி. குட்டு வெளிப்பட்டுப் போச்சு. குறை உன்கிட்ட இல்லை, உன் வீட்டுக்காரர்கிட்ட!"

"என்னக்கா உளர்றே?"

அக்கா ஒன்று விடாமல் ஒலிபரப்பினார்.

தங்கை மெஷினிலிருந்து காலை எடுத்தாள். போன வருஷம் சாப்பாடு, தூக்கம், சிரிப்பு எல்லாம் விட்டுப்போய், சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தவள் அவள். மனச்சோர்வு என்று டாக்டர் கொடுத்த மாத்திரைதான் அவளை எழுப்பி உட்கார வைத்தது. ஆனால் அதற்கப்புறம் புருஷன் தொட்டால் உடம்பு கட்டையாகக் கிடந்தது. டாக்டரிடம் கேட்க வெட்கம். அக்காவிடம் மட்டும் அழுதிருந்தாள். மாத்திரையை விட்டுவிடலாமா என்றுகூடக் கேட்டிருந்தாள்.

"அப்போ... என்னால இல்லையாக்கா?"

"உன்னால என்னடி? நீ பாட்டுக்கு மாத்திரையைப் போடு. உன்னை இத்தனை நாளா அழவிட்டுட்டு எப்படி உட்கார்ந்திருக்கார் பாரு. ஊமைக் கோட்டான்!"

தங்கைக்குக் கோபம் வரவில்லை. நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ நகர்த்திப் போட்டதுபோல் மூச்சு வந்தது. பாவம், இந்த மனுஷன் யாரிடம் சொல்லி அழுதிருப்பார் என்றுதான் நினைத்தாள்.

சாயங்காலம் அவர் வந்ததும், மெஷின் இழுப்பறையில் வெட்டுத் துணிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த டப்பாவை எடுத்து அவர் கையில் வைத்தாள். மூலிகை மாத்திரை.

"எனக்குன்னு வாங்கினதுங்க. நாளையிலிருந்து சாப்பிடலாம்னு இருந்தேன். ரெண்டு பேருக்குமே ஆகுமாம். நீங்க வெச்சுக்குங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"யாரு சொன்னா உனக்கு?"

"ரேடியோல கேட்டேன்."

இருவருமே சிரித்துவிட்டார்கள். வெகுநாளைக்கு அப்புறம் அவள் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். அடுத்து என்ன ஆகுமோ என்ற பயம் அன்றைக்கு இல்லை.

"டாக்டரைப் பார்க்கணும்," என்றார் அவர் மெதுவாக. "தனியாப் போகக் கூச்சமா இருக்கு. துணைக்கு வர்றியா? அப்படியே உன் மாத்திரையையும் ஒருதடவை பார்க்கச் சொல்லலாம்."

"இதையெல்லாம் கேட்கணுமா? வர்றேன்."

முந்தின நாள் விட்டுப்போன பிரஷரைப் பார்க்க மறுநாள் அக்கா கடைக்குப் போனார். கடைக்காரப் பெண் கையில் பட்டையைச் சுற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"நேத்து சத்தமாக் கேட்டாரே, அவர் என் தங்கச்சி புருஷன். தன் குறையை மறைச்சுட்டு அவளை வருஷம் பூரா அழவெச்சிருக்காரும்மா. இப்படியும் ஒரு மனுஷனா? ஆமா, வாங்கிட்டுப் போனது நல்ல மாத்திரைதானா?"

"அவர் எதையும் வாங்கலையே."

"வாங்கலையா?"

"அவருக்கு ஒரு குறையும் இல்லைம்மா. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னார். ஆனா நீங்க திட்டுறதைக் கேட்டுட்டு என்னால சும்மா இருக்க முடியலை."

அவள் கல்லாப்பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வைத்தாள். மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த தாள்கூடக் கிழியவில்லை.

"காலையில கொண்டுவந்து, தூக்கிப் போட்டுடச் சொன்னார். போன வாரம் பட்டன் தேடும்போது தையல் மெஷின்ல பார்த்தாராம். சம்சாரம் சாப்பிடுற மாத்திரையோட இது சேருமான்னு அன்னைக்கே என்கிட்ட வந்து கேட்டார். மூலிகைங்கிறதால எல்லாத்தோடயும் சேர்ந்துடாதுங்க, இது ரெண்டும் சேர்ந்தா ஆபத்துன்னு சொன்னேன்."

"அதை அவகிட்டயே சொல்ல வேண்டியதுதானே?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'சேராதுன்னு சொன்னா, அந்த மாத்திரையை நிறுத்திட்டு இதைச் சாப்பிடுவா. மறுபடி படுத்துடுவா. குறை எனக்குத்தான்னு நானே போய்ச் சொன்னாலும் நம்ப மாட்டா, ஆறுதலுக்குச் சொல்றேன்னு கண்டுபிடிச்சிடுவா'ன்னார்."

அக்கா அந்த டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அதுக்கு?"

"நேத்து நீங்க குடையை மடக்கிட்டுப் படியேறுற வரைக்கும் ஓரமா நின்னு காத்துக்கிட்டிருந்தார். நீங்க போனதும் என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். அதுவும் எனக்கே சரியாக் கேட்கலை, அவ்வளவு சின்னக் குரல். 'அவங்க காதுல நல்லா விழுந்திருக்கும்ல?'"